பஸ்ஸின் முதுகில் ஒட்டிய முகம்

பஸ் ஓட்டுகிறவருக்குத் தன் பஸ்ஸின் முதுகு தெரியாது. இரண்டு பக்கக் கண்ணாடியிலும் பின்னால் வருகிறவர்களின் முகம்தான் தெரியும். மற்ற டிரைவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை. இரும்புக்கு மட்டும் இது பெரிய இம்சையாகிவிட்டது. காரணம், அவர் பஸ்ஸின் முதுகில் அவர் முகத்தையே பெரிதாக ஒட்டியிருந்தார்கள். அதுவும் அழுகிற முகம்.

இரும்பு என்பது டிப்போ வைத்த பெயர். ஒருமுறை என்ஜின் மூடி விழுந்து இடது கை விரல் நசுங்கியபோது, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு கடைசி நிறுத்தம் வரை ஓட்டி, எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகுதான் மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு சம்பளச் சீட்டுக்குள் ஒதுங்கிவிட்டது. ஆளும் பெயருக்குத் தோதானவர்தான். கட்டைக்குரல், மேலுதட்டை மூடிய மீசை. யாராவது குறுக்கே வந்தால் ஹாரனை முந்திக்கொண்டு அவர் குரல் போகும். சில்லறைத் தகராறில் கண்டக்டரிடம் எகிறுகிறவர்கள்கூட, இரும்பு ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்டவர் விளம்பரத்தில் அழுத கதை வேடிக்கையானது. ஒரு கைக்குட்டை கம்பெனி படம் எடுப்பதற்காக ஒரு நாள் வாடகைக்கு பஸ் கேட்டது. பஸ்ஸோடு இரும்பும் கண்டக்டரும் போனார்கள். டிரைவராக நடிக்க வந்த பையன் உடம்பைச் செதுக்கி வைத்திருந்தான், ஆனால் ஸ்டியரிங்கைக் கல்யாண வீட்டில் தட்டை ஏந்துவதுபோலப் பிடித்தான். இரும்பு ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். டைரக்டர் ஒரு பெண், சின்ன வயசு. அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க ஒரு தடவை உட்காருங்களேன். நடிக்கல்லாம் வேண்டாம். சும்மா உட்காருங்க."

உட்கார்ந்தார். தினமும் உட்காருகிற இடம்தானே. உதவியாள் ஒருவன் கண்ணில் விடுகிற சொட்டு மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். டைரக்டர் அவனை நகரச் சொல்லிவிட்டு, "உங்களால சரியா வழியனுப்ப முடியாமப் போன யாரையாவது நினைச்சுக்கங்கண்ணே, போதும்" என்றாள்.

அப்புறம் நடந்தது இரும்பின் கையில் இல்லை. கண்ணில் பொங்கியது, மீசையில் இறங்கியது, சட்டைக் காலரை நனைத்தது. நிறுத்தச் சொன்ன பிறகும் நிற்கவில்லை. கண்டக்டர் மட்டும் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். திரும்பி வரும் வழியில் இரண்டு பேரும் டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

சில வாரம் கழித்து விளம்பரம் டிவியில் வந்தது, அதே படம் அவர் பஸ்ஸின் முதுகிலும் ஏறியது. அழுகிற டிரைவர், கையில் வெள்ளைக் கைக்குட்டை, கீழே பெரிய எழுத்தில் 'ஆம்பளைக்கும் தேவைப்படும்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு ஊர் குதித்த குதி இருக்கிறதே! ஆண்களைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று ஒருவன் காரில் உட்கார்ந்துகொண்டு வீடியோ போட்டான். அதை ஆயிரக்கணக்கான பேர் பார்த்து ஆமாம் போட்டார்கள். டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். ஆண் அழுதால் குடும்பம் என்னாவது, நாடு என்னாவது என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். கண்ணீரை வைத்து வியாபாரம் பண்ணுகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது, ஆனால் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு கூட்டம் கடைத்தெருவில் கைக்குட்டைகளைக் கொளுத்திப் போராட்டம் நடத்தியது. கொளுத்துவதற்கான கைக்குட்டைகளை எதிர்க்கடையில்தான் வாங்கினார்கள். கடைக்காரருக்கு அன்றைக்கு நல்ல விற்பனை.

இன்னொரு பக்கம், பஸ்ஸின் பின்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் வந்தது. ஒரு டீச்சரம்மா இறங்கும்போது, "நல்லா இருந்துச்சுங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன்" என்றார். இரும்புக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். வண்டி நின்றுகொண்டிருந்தது.

ஓட்டும்போதுதான் பெரிய பாடு. சிக்னலில் நின்றால் பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான். வழிக்காகவா, கிண்டலுக்கா என்று தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் பஸ்ஸின் முதுகைக் காட்டிச் சிரிப்பார்கள். ஒருவன் பக்கத்தில் வந்து, கண்ணைக் கசக்கி விம்முவதுபோல் நடித்துவிட்டுப் பறந்தான். ஒருநாள் காலையில் அந்தப் படத்தின் உதட்டுக்கு யாரோ சிவப்பு பெயின்ட் பூசி வைத்திருந்தார்கள். டிப்போவில் கழுவினார்கள். முழுதும் போகவில்லை. இரும்பின் கால் பிரேக்கின் மேலேயே துடித்துக்கொண்டிருந்தது. கியர் மாற்றினால் கரகரவென்று சத்தம். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் கையில் கியர் இரைந்ததில்லை.

டிப்போ சும்மா இருக்குமா? "தண்ணி பட்டா இரும்பு துருப்பிடிச்சிரும்டா, பார்த்து" என்று ஒருவன் ஆரம்பித்தான். அடுத்த நாள் அவர் லாக்கரில் ஒரு எண்ணெய் டப்பா தொங்கியது, துருவுக்குப் போட. இரும்பு சிரித்துத்தான் வைத்தார். சிரிக்காவிட்டால் நிறுத்த மாட்டார்கள்.

வீட்டில் மகளுக்கு ஒரே பெருமை. கல்லூரியில் படிக்கிறவள், சாப்பிடும்போதும் போனும் கையுமாக இருப்பாள்.

"அப்பா, இவரு எழுதியிருக்கறதைக் கேளுங்க. 'இவர் ஓட்டுற பஸ்ல என் பொண்ணை நம்பி அனுப்புவேன்'னு."

"அடுத்தது என்ன?"

"அடுத்தது வேண்டாம்பா."

மனைவி அப்படி இல்லை. அவள் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் துணி வெட்டுகிறவள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்துவிட்டுத்தான் கத்தரி வைப்பாள், பேச்சிலும் அப்படித்தான். டிவியில் அந்த விளம்பரம் வந்தால் சேனலை மாற்றிவிடுவாள். வந்த முதல் நாள் மட்டும், மகள் உள்ளே போன பிறகு, தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எதை நினைச்சு அழுதீங்க?"

இரும்பு சொல்ல வாயெடுத்தார். பிறகு டிவியை அணைத்தார்.

"விளம்பரம்தானே. சும்மா."

"ம்" என்று குழாயை மூடினாள்.

அந்த "ம்" எங்கிருந்து வந்தது என்று இரும்புக்குத் தெரியும். மகளுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. அழாமலே பிறந்த குழந்தை. செய்தி வந்தபோது அவர் டூட்டியில் இருந்தார். காக்கிச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மனைவியின் கட்டிலருகே குழந்தையைத் துணியில் சுற்றி நர்ஸ் நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாசலில் அண்ணன் தோளைப் பிடித்து, "நீ ஆம்பளை. நீ உடைஞ்சா அவ என்ன ஆவா? கண்ணுல தண்ணி வரக் கூடாது" என்றார். வரவில்லை. அன்று சாயங்காலமே டூட்டிக்குப் போய்விட்டார். மனைவி, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அதற்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே பேசிக்கொண்டிருந்தவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, வெளியே பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் அவர்தானோ என்று நினைத்தாள். இந்த மனுஷனுக்கு அந்தக் குழந்தை ஒன்றுமே இல்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். அப்புறம் மகள் பிறந்தாள், வீடு சிரித்தது, எல்லாம் நடந்தது. ஆனால் அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

விளம்பரத்தைப் பார்த்ததும் அவள் முடிவு லேசாக ஆடிவிட்டது. அதனால்தான் கேட்டாள். நம் ஆள் "சும்மா" என்றார். இந்த இடத்தில் அவரை நாலு சாத்து சாத்தலாம் போலத்தான் இருக்கிறது.

அதைவிடப் பெரிய கூத்தைச் சங்கச் செயலாளர் பண்ணினார். டிரைவர்கள் சங்கத்தின் செயலாளர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பல காலம் ஆகிறது, ஆனால் டிரைவர்களின் மானம் முழுக்கத் தன் சட்டைப் பையில் இருப்பதாக நினைப்பு. இரும்பைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது? டிரைவர்னா ஒரு பயம் இருக்க வேண்டாமா? அழுவுற டிரைவர் பஸ்ல எவன் நம்பி ஏறுவான்? நம்ம பசங்க வெளியில தலை காட்ட முடியல."

"நான் என்னண்ணே பண்ணட்டும்? அவங்க ஒட்டிட்டாங்க."

"கண்ணுல ஏதோ மருந்து விட்டாங்களாமே?"

புட்டி இருந்தது உண்மை. இரும்பு தலையை ஆட்டினார். ஆட்டியதுதான் தாமதம், செயலாளர் வீடியோ எடுக்கப் போனை நீட்டிவிட்டார். டிப்போச் சுவர் பின்னணியில், அதற்குள் கூடிவிட்ட பத்துப் பதினைந்து பேர் சூழ நிற்க, இரும்பு பேசினார். "அது நிஜ அழுகை இல்லீங்க. கண்ணுல மருந்து விட்டாங்க. டிரைவருங்க யாரும் அப்படிப்பட்டவங்க இல்ல." எல்லோரும் கை தட்டினார்கள். எண்ணெய் டப்பா லாக்கரிலிருந்து காணாமல் போனது. ஒரு மத்தியானம் முழுக்க இரும்புக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மகள் முகம் கொடுக்கவில்லை. மனைவி கையில் போன். அவர் குரல் அதிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"மருந்தா?" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். "ஆமா."

அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போனாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. காலையில் டிபன் கேரியர் வழக்கமான இடத்தில் இருந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது, கேட்காததற்கு ஒன்றும் வரவில்லை. இரும்பு ஒரு அறையில் நின்றால் அவளுக்கு அடுத்த அறையில் வேலை இருந்தது. இரண்டாம் தடவையும் இவர் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று அவள் நினைப்பது அவருக்குத் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று கிளம்புவார். மகள் அறைக் கதவுவரை போவார். திரும்பி வந்து தண்ணீர் குடிப்பார். சொன்னால் அன்றைக்கு ஏன் அழவில்லை என்று கேட்பாள், அதற்கு என்ன பதில்? அண்ணன் சொன்னார் என்பதா? நிலைகொள்ளாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேயிருந்தார். இப்படியே விட்டால் அவள் ஒரே வீட்டில் இருந்துகொண்டே தன்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தார்.

டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். டயரை உதைத்துப் பார்க்க வேண்டும், விளக்கைப் பார்க்க வேண்டும், பின்னால் யாராவது நிற்கிறார்களா, எதுவும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இதைச் சோம்பேறித்தனமாகத் தவிர்த்தால் இரும்பு கிழி கிழியென்று கிழிப்பார். அந்த முகத்தை ஒட்டிய நாளிலிருந்து அவரே பின்பக்கம் போவதில்லை. பின் டயர்வரை போவார், அங்கேயே திரும்பிவிடுவார். மூன்று பக்கம் பார்த்த பஸ்ஸைத்தான் தினமும் ஓட்டினார். கண்டக்டர் கவனித்தான். பின்னால் நின்று விசில் கொடுக்க நாம் இருக்கிறோமே என்று விட்டுவிட்டான்.

ஆனால் வேறொரு விஷயத்தில் கண்டக்டருக்கு மனசு கேட்கவில்லை. இரும்பு பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன டிபன் கேரியரைக் கொடுக்க ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனான். அவர் இல்லை. மனைவிதான் கதவைத் திறந்தாள். கேரியரைக் கொடுத்துவிட்டும் அவன் போகவில்லை.

"என்ன தம்பி?"

"அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. அந்த மருந்துப் புட்டி சீல்கூட உடைக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுநாள் காலையில் டிப்போ வழக்கம்போல இரைந்துகொண்டிருந்தது. பஸ்கள் மூக்கைச் சுவரில் வைத்து வரிசையாக நின்றன. பின்னோக்கி எடுத்துத்தான் வெளியே போக வேண்டும். இரும்புக்கு ராத்திரி தூக்கமில்லை. கண்டக்டர் டிக்கெட் மெஷின் வாங்க ஆபீஸுக்குள் போயிருந்தான். அடுத்த பஸ்காரன், "அண்ணே, எடுங்கண்ணே, எவ்வளவு நேரம்!" என்று கத்தினான். எரிச்சலில் இரும்பு ஏறி உட்கார்ந்தார். அன்றைக்கு மூன்று பக்கம்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. ரிவர்ஸ் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். பஸ் முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

விசில் கேட்டது. வழக்கமான விசில் இல்லை. மூச்சு விடாமல் கிறீச்சென்று ஒரே இழுப்பு. கண்டக்டர் ஆபீஸ் வாசலிலிருந்து ஊதிக்கொண்டே ஓடி வந்தான். இரும்பு பிரேக்கை மிதித்த மிதியில் பஸ்ஸே ஒரு துள்ளுத் துள்ளியது.

குதித்து இறங்கிப் பின்னால் ஓடினார். முதல் தடவையாக அந்தப் பக்கம்.

அங்கே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கடைக்குப் போகிற பையோடு. பஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவளுக்கு மேலே அவர் முகம், மீசையில் நீர் இறங்க, உதட்டில் பாதி அழிந்த சிவப்போடு. அவள் நகர்ந்திருக்கவே இல்லை. அண்ணாந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினார் இரும்பு. "பஸ்ஸுக்குப் பின்னால வந்து நிப்பாங்களா? கொன்னிருப்பேனே உன்னை!"

"டிவியில சட்டுனு போயிடுது" என்றாள். "கிட்டப் போய்ப் பார்க்கலாம்னு வந்தேன்."

கூட்டம் கூடிவிட்டது. டிரைவர்கள், மெக்கானிக்குகள், கழுவுகிற ஆட்கள். செயலாளரும் எங்கிருந்தோ முளைத்தார்.

அவள் படத்தை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "இது மருந்துதானா? இங்கேயே சொல்லுங்க. மருந்துன்னா இப்படியே கடைக்குப் போயிடறேன். இனிமே கேக்க மாட்டேன்."

"அதான் அவரே சொல்லிட்டாரேம்மா, வீடியோவுல" என்று செயலாளர் குறுக்கே வந்தார். "வீட்டு விஷயத்தை வீட்டுல..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே" என்றார் இரும்பு.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எண்ணெய் டப்பா தொங்கவிட்டவன் முன்வரிசையிலேயே இருந்தான். இரும்பு பஸ்ஸின் பின்பக்க ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிரேக்கை மிதிக்க இன்னும் ஒரு நொடி ஆகியிருந்தால் அவளும் போயிருப்பாள், அவளையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருப்பேன் என்று தோன்றியது. அதற்கு மேல் தாங்கவில்லை.

"மருந்து இல்ல" என்றார்.

"அப்ப யாருக்காக அழுதீங்க?"

அவர் அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார். அவள் வைத்த பெயர். அதை இங்கே எழுதப் போவதில்லை, அது அவர்கள் இரண்டு பேருக்குச் சொந்தம். டிப்போவில் யாருக்கும் அது யார் என்று தெரியாது. ஆனால் அவர் மீசை நனைந்தது எல்லோருக்கும் தெரிந்தது. அந்த முகமும் மேலே இருந்த முகமும் ஒன்றாகவே இருந்தன.

அவள் பையை நழுவவிட்டு இரண்டு கையாலும் அவர் மார்பில் குத்தினாள். "நீங்க தூக்கக்கூட இல்லையே! நர்ஸு நீட்டினப்போ கையைக் கட்டிக்கிட்டு நின்னீங்களே!"

"தூக்கினா திருப்பிக் குடுக்க மாட்டேன்னு பயந்துட்டேன்."

அவள் கை அப்படியே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் வராத அழுகை அவளுக்கு வந்தது, டிப்போ என்றும் பார்க்காமல். அடுத்த பஸ்காரன் இறங்கிப் போய்த் தன் என்ஜினை அணைத்தான். அதற்குப் பக்கத்தில் இருந்தவனும் அணைத்தான். செயலாளர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கண்டக்டர் கீழே விழுந்த பையை எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். இந்தத் தடவை மெதுவாக இல்லை. ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற அந்தக் கட்டைக்குரலிலேயே சொன்னார்.